லிதியம் செல் பழுதா? சார்ஜில் போடுமுன் இதைப் பாருங்கள்

லிதியம் செல் பழுதாகும் நாள் ஒன்று, தீப்பிடிக்கும் நாள் வேறொன்று. போன மாதம் மேசையிலிருந்து விழுந்திருக்கும், அல்லது சுவிட்சை அணைக்க மறந்து மாதக்கணக்கில் ஒரு பெட்டிக்குள் கிடந்திருக்கும். அப்போது ஒன்றும் ஆகாது. பிறகொரு இரவு சார்ஜில் போட்டுவிட்டுப் படுத்த பிறகுதான் புகை வரும். அதனால் கீழே எந்த அறிகுறியைப் பார்த்தாலும் கேள்வி ஒன்றுதான்: இதை இனிச் சார்ஜ் செய்யலாமா? ‘எப்படி உயிர் கொடுப்பது’ என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

இது ஆர்டுயினோ, ஈஎஸ்பி32 போன்ற சின்னக் கட்டுப்பாட்டுப் பலகைகள், ட்ரோன், ரவுட்டர் பற்றரி என்று வீட்டு மேசையில் வேலை செய்கிறவர்களுக்கு. 3.7 வோல்ட் என்று எழுதியிருக்கும் சாதாரண லிதியம் அயன், லைபோ (மெல்லிய பை வடிவில் வருவது) செல்களைத்தான் சொல்கிறேன். முழுக்க ஏறினால் அவை 4.20 வோல்ட். லிதியம் இரும்பு பொஸ்பேட் செல்லுக்கு 3.65 தான் உச்சம். இரண்டுக்கும் ஒரே சார்ஜரைப் பாவிக்காதீர்கள். ஒரு மல்டிமீற்றரும் சமையலறைத் தராசும் இருந்தால் போதும்.

## சீறுகிறது, புகைகிறது, இனிப்பாக ஒரு வாசம் வருகிறது

இதற்கு மீற்றர் தேவையில்லை. சார்ஜர் சுவிட்ச் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் அணையுங்கள். வாசம் மட்டும் வந்து (நெயில் பொலிஷ் ரிமூவர் மாதிரி இருக்கும்) செல் இன்னும் ஆறியே இருக்கிறதென்றால், இடுக்கியால் எடுத்து ஓர் இரும்புச் சட்டியில் போட்டு பல்கனிக்கோ முற்றத்துக்கோ கொண்டுபோகலாம். புகையத் தொடங்கிவிட்டால் தொடாதீர்கள். அறையை விட்டு வெளியேறிக் கதவைச் சாத்துங்கள், வீட்டில் இருப்பவர்களை வெளியே எடுங்கள், கொழும்பு தீயணைப்புப் பிரிவுக்கு 110 அழையுங்கள். இந்தச் செல்களின் உள்ளே இருக்கும் உப்பு ஈரப்பதத்தோடு சேர்ந்தால் ஐதரசன் புளோரைட்டு உண்டாகும். அதனால் புகையை ‘கொஞ்சம்தானே’ என்று சுவாசிக்க வேண்டாம். சுவாசித்து இருமல் நிற்கவில்லை என்றால் 1990 அம்புலன்ஸ்.

‘லிதியத்தில் தண்ணீர் படக்கூடாது’ என்று பள்ளிக்கூடத்தில் படித்தது உலோக லிதியத்துக்குப் பொருந்தும். சார்ஜ் ஏற்றும் வகைச் செல்லில் லிதியம் அந்த வடிவில் பெருமளவு இருப்பதில்லை. மின் இணைப்பைத் துண்டித்த பிறகு, சின்னச் செல்லுக்கு ஒரு வாளி தண்ணீர்தான் நல்ல மருந்து, ஏனென்றால் இங்கே பிரச்சினை சூடு. உள்ளே இருக்கும் பிரிப்புத் தாள் 130 பாகை அளவில் உருகத் தொடங்கும். அதன்பின் செல் தன்னைத்தானே சூடாக்கிக்கொள்ளும், நேர்முனைப் பொருளிலிருந்து ஒட்சிசனும் வெளிவரும். மேலே மணலைக் கொட்டினால் பொறி பறப்பது நிற்கும், சூடு நிற்காது. தூள் தீயணைப்பானும் அப்படித்தான், சுவாலை போய்த் திரும்ப வரும். அணைந்த செல்லை வெளியே ஒரு வாளி தண்ணீருக்குள் ஒரு நாளாவது விடுங்கள்.

இங்கே ஒரு எரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். தொடர்மாடி வீடுகளில் சார்ஜ் போடும் இடம் பெரும்பாலும் வாசலோரச் சப்பாத்துத் தட்டுதான், பிளக் பொயின்ட் அங்கே இருப்பதால். வீட்டுக்கு இருப்பது ஒரே வாசல். அதை மறிக்கும் இடத்தில் லிதியம் பற்றரியைச் சார்ஜ் போடாதீர்கள்.

## பை உப்பியிருக்கிறது

உள்ளே வாயு சேர்ந்திருக்கிறது. மின்பகு திரவம் சிதைந்துவிட்டது என்று அர்த்தம், திரும்பி வராது. சமமான கண்ணாடி மேல் வையுங்கள். புதுச் செல் படிந்து கிடக்கும், உப்பியது ஆடும். கொஞ்சம் ஆடினாலும் முடிவு ஒன்றுதான்: சார்ஜ் இல்லை. ஊசியால் குத்திக் காற்றை வெளியேற்றிக் காட்டும் வீடியோக்கள் உலாவுகின்றன. அந்த வாயு எரியக்கூடியது, ஊசியோ உள்ளே இரண்டு முனைகளையும் ஒன்றாகத் தொடும். வேண்டவே வேண்டாம்.

உப்பல் இல்லாமல் மூலை மட்டும் மடிந்திருந்தாலும் ஒதுக்குங்கள். 2016இல் சாம்சங் நோட் 7 திரும்பப் பெறப்பட்டதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று, ஒரு வகைப் பற்றரியின் மேல் மூலையில் மின்முனைத் தகடு வளைந்திருந்தது என்பதே. நம் வீட்டில் மூடியை அழுத்தித் திருகாணி பூட்டும்போது என்ன வளைகிறது என்று பார்க்க எக்ஸ்ரே இல்லை. பெட்டியில் லைபோவுக்குத் தாராளமாக இடம் விடுங்கள், திருகாணி முனை அதன் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

## மீற்றர் 0 காட்டுகிறது, அல்லது 2 வோல்ட்டுக்குக் கீழே

முதலில் எங்கே வைத்து அளந்தீர்கள்? வயர் வைத்த லைபோவின் தலைப்பில், மஞ்சள் டேப்புக்கு அடியில், ஒரு சின்னப் பாதுகாப்புப் பலகை இருக்கும். செல் மிகவும் இறங்கினால் அது வெளியீட்டைத் துண்டித்துவிடும், வயரில் 0 காட்டும். டேப்பைக் கவனமாகத் தூக்கி, செல்லின் தகடுகளிலேயே அளந்து பாருங்கள். சார்ஜரோடு இணைத்தவுடன் பலகை பெரும்பாலும் விழித்துக்கொள்ளும், ஆனால் இணைப்பதற்கு முன் செல்லின் உண்மையான வோல்ட் தெரிந்திருக்க வேண்டும்.

2.5க்கு மேலே இருந்தால் குறைந்த மின்னோட்டத்தில், கொள்ளளவின் பத்தில் ஒரு பங்கில், பக்கத்தில் இருந்தபடியே ஏற்றலாம். 3 வோல்ட் தாண்டிய பிறகு வழக்கம் போல. 2க்கும் 2.5க்கும் இடையில் என்றால், நேற்று இரவு ரோச் அணைக்க மறந்தது போன்ற சமாசாரமாக இருந்தால் அதே முறையில் முயலலாம். எத்தனை நாள் அப்படிக் கிடந்தது என்று தெரியாவிட்டால் வேண்டாம். 2க்குக் கீழே என்றால் ஒதுக்குங்கள்.

காரணம் செம்பு. எதிர்முனைப் பொருள் ஒரு மெல்லிய செம்புத் தகட்டில் பூசப்பட்டிருக்கும். செல் அளவுக்கு மீறி இறங்கினால் அந்தச் செம்பு கரையத் தொடங்கும். மறுபடி சார்ஜ் செய்யும்போது கரைந்த செம்பு வேண்டாத இடங்களில் படிந்து உள்ளுக்குள்ளேயே குறுக்குச் சுற்று உண்டாக்கும். வெளியே பார்த்தால் செல் அழகாக 4.20க்கு ஏறியிருக்கும். இன்னொரு பற்றரியை வயரால் தொட்டு ‘ஸ்டார்ட்’ கொடுக்கிற வித்தை ஏன் கூடாது என்பதும் இதுதான்: பாதுகாப்புப் பலகை மறுத்ததைக் கையால் மீறுகிறோம்.

18650 எனும் உருளைச் செல்லில் இன்னொரு சிக்கல் உண்டு. பலவற்றின் நேர்முனை மூடிக்குள் அழுத்தம் கூடினால் துண்டித்துவிடும் அமைப்பு இருக்கும். அது ஒருமுறை துண்டித்துவிட்டால் மீற்றர் 0 காட்டும், உள்ளே மின் இருக்கக்கூடும். 0 காட்டும் 18650ஐ ‘வெறும் செல்’ என்று நினைத்து உடைக்கவோ நசுக்கவோ கூடாது.

## சார்ஜ் ஆகும்போது சுடுகிறது

எது சுடுகிறது என்று பிரித்துப் பாருங்கள். டிபி4056 எனும் சின்னச் சார்ஜர் மொடியூல் சுடுவது இயல்பு. யூஎஸ்பியிலிருந்து 5 வோல்ட் வாங்கி, 3.7இல் நிற்கும் செல்லுக்கு 1 ஆம்பியர் கொடுக்கும்போது மிச்சம் 1.3 வாட் அந்தச் சின்னச் சிப்பிலேயே சூடாகிறது. விரல் வைக்க முடியாது. அது தன் சூட்டைப் பார்த்துத் தானே மின்னோட்டத்தைக் குறைத்துக்கொள்ளும். தப்பு எங்கே வருகிறதென்றால், இடம் மிச்சம் பிடிக்க அந்த மொடியூலை இரட்டைப் பக்க டேப்பால் செல்லின் முதுகிலேயே ஒட்டும்போது. சார்ஜ் செய்யும்போது செல்லின் உச்ச வெப்பம் பெரும்பாலும் 45 பாகை என்றுதான் தரவுத்தாள்கள் சொல்கின்றன. கொழும்பில் அறையே 30, 31. மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள், ஜன்னலோர வெயிலில் என்றால் சார்ஜ் போடுமுன்னரே 40ஐத் தொட்டுவிடும். மொடியூலைத் தள்ளி வையுங்கள், பெட்டியில் துளை போடுங்கள்.

மொடியூல் ஆறியிருந்து செல் சுட்டால் விஷயம் வேறு. முதலில் மொடியூலின் மின்னோட்டத்தைப் பாருங்கள். சிப்புக்குப் பக்கத்தில் ‘122’ என்று எழுதிய ஒரு சின்னத் தடை இருக்கும். அது 1.2 கிலோ ஓம், அதாவது 1 ஆம்பியர். கடையில் வாங்கும்போது எல்லாம் அப்படித்தான் வரும். 18650க்குச் சரி. 400 எம்ஏஎச் கொள்ளளவுள்ள லைபோவுக்கு அது அந்தக் கொள்ளளவின் இரண்டரை மடங்கு. அந்தத் தடையைக் கழற்றி 5 கிலோ போட்டால் ஏறக்குறைய 250 மில்லிஆம்பியர், 10 கிலோ போட்டால் 130. நான் பார்க்கும் உப்பிய சின்ன லைபோக்களில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் இந்த 122தான் இருக்கிறது.

மின்னோட்டம் சரியாக இருந்தும் செல் வெதுவெதுப்பைத் தாண்டிச் சுட்டால், அல்லது ஒரே நேரத்தில் சார்ஜ் ஆகும் இரண்டில் ஒன்று மட்டும் சுட்டால், அதை ஒதுக்குங்கள்.

## பச்சை விளக்கு வருவதே இல்லை

டிபி4056 மின்னோட்டம் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தால்தான் முடிந்தது என்று எண்ணும். சார்ஜ் ஆகும்போதே ஈஎஸ்பி32ஐயும் அதே செல்லில் ஓடவிட்டால் மின்னோட்டம் அந்த அளவுக்கு இறங்காது, செல் மணிக்கணக்கில் 4.2இலேயே நிற்கும். சுமையைக் கழற்றிப் பாருங்கள், பச்சை வந்தால் விடை கிடைத்துவிட்டது. சுமை இல்லாமலும் வரவில்லை என்றால் செல் உள்ளேயே கசிகிறது. பச்சை வந்த பிறகும் செல்லை ஒருமுறை அளவுங்கள். மொடியூலின் தரவுத்தாள் 4.26 வரை பொறுக்கிறது, அதற்கு மேல் காட்டினால் மொடியூலை எறிந்துவிடலாம்.

கையோடு இன்னொன்று: சின்ன லைபோக்களின் பிளக்கில் சிவப்பு எந்தப் பக்கம் என்று விற்பவருக்கு விற்பவர் மாறும். பொருந்துகிறதே என்று குத்தாமல் மீற்றரால் பார்த்துக் குத்துங்கள்.

## ரவுட்டர் பற்றரி முன்போல் நிற்கவில்லை

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்வெட்டு என்று அறிவித்தார்கள். கொழும்பில் பாதி வீட்டில் ரவுட்டருக்கென்று ஒரு பற்றரி பெட்டி வந்தது அந்தக் காலத்தில்தான். பழைய மடிக்கணினிகளிலிருந்து கழற்றிய 18650களை மூன்று மூன்றாகத் தொடரில் கோத்து, ஒரு பிஎம்எஸ் (பற்றரியைக் காக்கும்) பலகை போட்டு, 12 வோல்ட் ரவுட்டருக்குக் கொடுத்தார்கள். மின்வெட்டு நின்றது, பெட்டிகள் டீவிக்குப் பின்னாலேயே தங்கிவிட்டன. 2025 பெப்ரவரியில் பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கு பாய்ந்து நாடே இருண்ட அன்று எல்லோருக்கும் அதன் ஞாபகம் வந்தது.

இப்போது இவை அரை மணித்தியாலம்கூட நிற்பதில்லை என்று கொண்டுவருகிறார்கள். வெள்ளவத்தையில் ஒரு வீட்டுப் பெட்டியைத் திறந்தபோது மொத்த வோல்ட் 12.05 காட்டியது. “அண்ணை, 12 இருக்குத்தானே, பிறகென்ன?” என்றான் அதைக் கட்டின தம்பி. ஒவ்வொன்றாக அளக்கச் சொன்னேன். 4.27, 4.22, 3.56. கூட்டிப் பாருங்கள், அதே 12.05. மூன்றாவது செல் சோர்ந்துபோனதால் மற்ற இரண்டும் ஒவ்வொரு நாளும் அளவுக்கு மீறி ஏறிக்கொண்டிருந்தன. மொத்த வோல்ட் எதையும் சொல்லாது. தொடரில் இருக்கும் ஒவ்வொரு செல்லையும் தனித்தனியே அளப்பதுதான் முதல் படி. முழுச் சார்ஜில் ஒன்றுக்கொன்று 0.05 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும்.

அடுத்து, எதனால் சார்ஜ் செய்கிறீர்கள்? இங்கேதான் கனபேர் சறுக்குகிறார்கள். பிஎம்எஸ் சார்ஜர் அல்ல. அது கடைசி நேரத்தில் துண்டிக்கும் காவல் மட்டும். மூன்று செல் தொடருக்கு 12.6 வோல்ட்டில் நிற்கும், மின்னோட்டத்தையும் கட்டுப்படுத்தும் லிதியம் சார்ஜர் வேண்டும். ரவுட்டரின் 12 வோல்ட் அடாப்டரை நேரே கொடுத்தால் மின்னோட்டத்துக்குக் கட்டுப்பாடே இல்லை, பற்றரியும் நிறையாது. பழைய ஈய அமில பற்றரிச் சார்ஜரைக் கொடுத்தால் 13.8, செல்லுக்கு 4.6 வீதம். அப்போது செல்லுக்கும் தீக்கும் நடுவில் இருப்பது அந்த மலிவுப் பலகையில் சுவிட்சாக வேலை செய்யும் ஒரேயொரு மொஸ்பெட். மொஸ்பெட் பழுதானால் பெரும்பாலும் திறந்து நிற்காது, குறுக்குச் சுற்றாகித்தான் நிற்கும்.

திருத்துவதென்றால்: சோர்ந்த செல்லை மட்டும் மாற்றிப் புதிது போடாதீர்கள், புதியதும் பழையதும் சேர்ந்து ஓடாது. எல்லாவற்றையும் தனித்தனியே 4.20க்கு ஏற்றி ஒரு கிழமை சும்மா வைத்துவிட்டு அளவுங்கள். நல்ல செல் அநேகமாக அங்கேயே நிற்கும். 4.1க்குக் கீழே வந்தது தொடருக்கு உதவாது. மிஞ்சியவற்றில் ஒத்தவற்றை மட்டும் தொடரில் கோத்துவிடுங்கள், நேர்முனைக்கு நெருக்கமாக ஒரு பியூஸ் போடுங்கள். செல்லின் மேல் நேரடியாக ஈயம் வைத்துப் பற்றவைக்க வேண்டாம், அடிப்பக்கத்துக்கு அந்தச் சூடு ஆகாது. நிக்கல் பட்டியை ஸ்பொட் வெல்ட் செய்யலாம், அல்லது நல்ல ஹோல்டர் போடலாம். மடிக்கணினியிலிருந்து எடுத்த செல்லில் முன்பு என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது என்பதையும் மனதில் வையுங்கள். நானென்றால் படுக்கையறையில் அவற்றை வைக்கமாட்டேன்.

## உறை கிழிந்த 18650

பளபளக்கும் அந்த உலோகக் குடுவை முழுவதும் எதிர்முனை. மேல் விளிம்புகூட எதிர்முனைதான், நேர்முனைப் பொத்தானிலிருந்து சில மில்லிமீற்றர் தூரத்தில். அங்கே உறை கிழிந்து ஒரு வயர் சாய்ந்தால், பல பத்து ஆம்பியர் பாயும். புது உறையும் வெள்ளை வளையமும் போட்டுச் சூடு காற்றால் சுருக்கிவிடுங்கள், அது சில ரூபாய் வேலை. குடுவையில் பள்ளம் விழுந்திருந்தால் உறை மாற்றிப் பயனில்லை. காற்சட்டைப் பையில் சாவிக்கொத்தோடு 18650 போட்டுக்கொண்டு திரிகிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

## 9900 எம்ஏஎச் என்று எழுதியிருக்கிறது, பத்து நிமிடத்தில் தீர்கிறது

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் மலிவாகக் கேட்டால் இப்படித்தான் கிடைக்கும். அந்தப் பருமனில் நல்ல உற்பத்தியாளர்களே 3500 எம்ஏஎச் அளவில்தான் நிற்கிறார்கள். தராசில் வையுங்கள். உண்மையான 18650 ஏறக்குறைய 45 முதல் 50 கிராம். வெகுவாகக் குறைந்தால் உள்ளே சின்னச் செல்லோ குப்பையோ. அதில் பாதுகாப்பு மூடியும் இருக்கும் என்று நம்ப ஏதும் இல்லை. திருத்த வழி தேடாதீர்கள்.

## கடிகார மொடியூலில் பொத்தான் செல் வீங்கியிருக்கிறது

டிஎஸ்3231 நீல மொடியூலின் கதை இது. அதற்குள் ஒரு டயோடும் ‘201’ என்று எழுதிய 200 ஓம் தடையும் வழியாகப் பொத்தான் செல்லுக்குச் சார்ஜ் போகிறது, சார்ஜ் செய்யக்கூடிய எல்ஐஆர்2032 போடுவார்கள் என்ற எண்ணத்தில். நாம் போடுவது கடையில் கிடைக்கும் சிஆர்2032. அது சார்ஜ் செய்யவே கூடாத செல். 5 வோல்ட்டில் ஓடவிட்டால் மாதக்கணக்கில் அதற்குள் மின்னைத் திணித்துக்கொண்டே இருக்கும். அந்த 201 தடையைக் கழற்றிவிடுங்கள், கடிகாரம் வழக்கம் போல ஓடும். 3.3 வோல்ட்டில் கொடுத்தால் டயோடு தடுத்துவிடும், பிரச்சினை வராது.

கழற்றிய பொத்தான் செல்லை மேசையில் விடாதீர்கள். குழந்தை விழுங்கினால் தொண்டைக் குழாயில் சிக்கி இரண்டு மணி நேரத்துக்குள் கடுமையாகப் பொசுக்கிவிடும். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் போதும், வாந்தி எடுக்க வைக்காமல் நேரே வைத்தியசாலைக்கு. பொரளையில் லேடி ரிட்ஜ்வே இருக்கிறது.

## வெள்ளத்தில் நனைந்தது, கடற்காற்றில் பூத்தது

2016 மே மாதம் களனி கங்கை பெருகி கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் வீடுகள் மூழ்கியது ஞாபகம் இருக்கும். தண்ணீர் வடிந்த பின் வெயிலில் காயவைத்து, ‘ஓன் ஆகிறதே’ என்று சார்ஜ் போடுவதுதான் ஆபத்து. சேற்றுத் தண்ணீரின் உப்பு பலகைக்குள் தங்கிவிடும். பவர் பேங்க், ட்ரோன் பற்றரி, யூபிஎஸ் எதுவாக இருந்தாலும் மூழ்கியதை வெளியே வைத்து ஒதுக்குங்கள்.

கடற்கரையோர வீடுகளில் வேறு ஒரு பிரச்சினை. ஹோல்டர் சுருளில் துரு, பிளக்கில் பச்சைப் பூப்பு. தொடுகை கெட்டால் அந்த இடம் சுடும், பிளாஸ்டிக் இளகும். செல்லில் குறையில்லை, ஹோல்டரை மாற்றுங்கள்.

## ஒதுக்கியதை என்ன செய்வது

குப்பைப் பையில் போட்டால் மாநகர சபை லொறியில் நசுங்கும், தீப்பிடிக்க அது போதும். இரண்டு முனைகளிலும் டேப் ஒட்டி, ஒவ்வொன்றாகப் பிரித்து, மூடி இறுகாத இரும்பு டின்னில் காய்ந்த மணலோடு பல்கனியில் வையுங்கள், வெயிலும் மழையும் படாத மூலையில். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் மின் இறங்கிவிடும் என்று சொல்வார்கள். முனைதான் அரிக்கும், உள்ளே எவ்வளவு மிச்சம் என்று பிறகு அளக்கவும் முடியாது. மத்திய சுற்றாடல் அதிகார சபையின் உரிமம் உள்ள மின்கழிவு சேகரிப்பாளர்களிடம் கொடுக்கலாம். கொண்டுபோகுமுன் போன் போட்டு, உப்பியதும் நனைந்ததும் இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள், அவற்றைத் தனியாகக் கட்டித் தரச் சொல்லக்கூடும்.